வேலியோரம் வைத்த சூடம்

அகிலா, இதை நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி. நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்கு உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேனே, நீயும் காரில் வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாயே, அதற்கு இன்றைக்குத்தான் பலன். மெதுவாகப் படித்தால் பாதியில் எழுந்து வந்து என்னிடம் கத்த மாட்டாய். "இங்கிலீஷ்ல எழுதலாமேம்மா" என்பாய். இங்கிலீஷில் நான் சூப்பர்வைசரிடம் பேசுவேன், வங்கியில் பேசுவேன், ஒரு தடவை கூசாமல் பொய்யும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்யைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பென்ரோஸ் கிடங்குக்கு இன்று லீவு சொல்லிவிட்டேன். உன் அப்பா பள்ளிக்கூடம் போய்விட்டார். சாயங்காலம் நீ மனுரேவா ஸ்டேஷனில் வந்து இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலைக்கு ஒத்துக்கொண்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்தே பயம். மாட்டு டாக்டருக்குப் படித்தவளுக்கு இந்த நாட்டில் வேலைக்கா பஞ்சம்? ஆக்லாந்தைத் தாண்டினால் திரும்பின பக்கமெல்லாம் மாடுதான் நிற்கிறது. அதை விட்டுவிட்டு, உலகத்தில் வேறு ஊரே இல்லாத மாதிரி, தென்னாப்பிரிக்காவில் அந்த ரோய்ஃப்ளேதானா உனக்குக் கிடைத்தது? "ஹோமுக்குப் போறேம்மா" என்று துள்ளினாய். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை ஓடி விளையாடின ஊர், ஆசை இருக்கத்தான் செய்யும். நான் என் பங்குக்குப் பட்டியல் போட்டேன். அந்த நெடுஞ்சாலையில் யார் கை காட்டினாலும் நிறுத்தாதே. பொழுது சாய்ந்த பிறகு கார் எடுக்காதே. லாரி கவிழ்ந்து கிடந்தால் இறங்கி வேடிக்கை பார்க்காதே. ரோட்டில் புகை வந்தால் நடுவில் நிற்காதே, பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு உன்னைத் தெரியாது. "புகையா? ரொம்ப ஸ்பெசிஃபிக்கா இருக்கேம்மா" என்று சிரித்தாய். நானும் கூடவே சிரித்து வைத்தேன். அந்தப் பயமெல்லாம் பொய் என்று நினைக்காதே. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றை ஒளித்து வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். "அம்மா, கெஸ் பண்ணு! நான் சேரப்போற கிளினிக் ரிசப்ஷன்ல இருக்கிற லெரட்டோ யாரு தெரியுமா? நம்ம மே இருக்காங்கல்ல, அவங்க பொண்ணு!" அந்த ஊர்ப் பேச்சில் மே என்றால் அம்மா. நம் வீட்டு வேலைக்கு வந்து உன்னை நாலு வருஷம் இடுப்பில் வைத்து வளர்த்த பூலெங்கை நீ அப்படித்தான் கூப்பிடுவாய். போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சமைத்துப் போடுகிறாளாம், வீட்டில் எல்லோரும் வருகிறார்களாம். அப்புறம்தான் சொன்னாய்: "மே ஒண்ணு கேட்டாங்களாம்மா. உங்கம்மா இன்னும் வேலிகிட்ட மிளகாய் வச்சு எரிக்கிறாங்களான்னு. ஹவ் க்யூட்!" என்ன பதில் சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "பீன்ஸ் முத்தலா இருக்கு" என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஊரைப் பற்றி உனக்கு என்ன நினைவிருக்கும்? ஊருக்கு ஐந்து மைல் முன்னாலேயே தானியம் கொட்டி வைக்கிற உயரமான சைலோக்கள் தெரியும். டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் போகிற லாரிகள் ராப்பகலாக ஓடும். படுத்தால் கட்டில் அதிரும். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தேவாலயம், உரமும் செருப்பும் ஒன்றாக விற்கிற ஒரு பெரிய கடை. மீதியெல்லாம் மக்காச்சோளமும் மாடும். உன் அப்பா கணக்கு வாத்தியாராக அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ஊருக்கு நாம் ஒரே தமிழ்க் குடும்பம். ஒரு காலத்தில் நம்மைப் போன்றவர்கள் அந்த மாகாணத்தில் குடியிருக்கவே கூடாது என்று சட்டம் இருந்ததாம். சட்டம் போய்விட்டது, ஆனாலும் நான் கடைக்குப் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன். ஒவ்வொரு வருஷமும் பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் காகிதம் வருகிற வரைக்கும் உன் அப்பா பக்கத்து வீட்டு நாயிடம்கூட மரியாதையாகப் பேசுவார்.

நமக்குக் கொடுத்த வாத்தியார் வீட்டின் கொல்லை வேலியைத் தாண்டினால் ஒரு பெரிய பண்ணை. அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. பூலெங்கின் புருஷன் தாபோ அந்தப் பண்ணையில் வேலை பார்த்தான். அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீடும் பண்ணைக்காரர் கொடுத்ததுதான், வேலை போனால் வீடும் போய்விடும். ஆகஸ்ட் மாதம் அங்கே குளிர் முடிகிற நேரம். புல்லெல்லாம் காய்ந்து மஞ்சளாக நிற்கும், காற்று பேய்மாதிரி அடிக்கும். தீ பிடித்தால் பரவாமல் இருக்க, வேலியோரம் முழுக்க ஒரு பட்டையை அவர்களே முன்கூட்டி எரித்துக் கருக்கி வைப்பார்கள். அந்த வருஷம் அது தாபோவின் பொறுப்பு. நம் வீட்டு மூலைக்கு வந்தபோது நான் துணி காயப் போட்டிருந்தேன். உன் வெள்ளைச் சட்டை, அப்பாவின் வேட்டி. கரி விழுமே என்று, "இந்த மூலைய மட்டும் விட்டுரு தாபோ, அப்புறமா பாத்துக்கலாம்" என்றேன். அவன் யோசித்தான். "பாஸ் திட்டுவார் மேடம்" என்றான். "நான் சொல்லிக்கிறேன்" என்றேன். அவன் ஒரு பத்தடியை அப்படியே விட்டுவிட்டுப் போனான்.

அதற்கு அடுத்த நாள் பள்ளியில் கன்றுக்குட்டி ஓட்டுகிற போட்டி. உனக்கு ஏழு வயது. உன்னைவிடப் பெரிய கன்று ஒன்றைக் கழுத்துக்கயிற்றைப் பிடித்து மைதானம் சுற்றி வந்து சிவப்பு ரிப்பன் வாங்கினாய். அங்கே இருந்த பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் உன் ஜடையைத் தொட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வாந்தி. மறுநாள் காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. மருந்து கொடுத்தேன், கேட்கவில்லை. கண்ணு பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் விடுகிறவளா நான்? முன்பெல்லாம் மிளகாயைச் சுற்றி வீட்டுக்குள்ளேயே மின்சார அடுப்பில் தோசைக்கல்லைக் காய வைத்துப் போடுவேன். ஒரு தடவை அந்த நெடி தாங்காமல் பக்கத்து வீட்டு டீச்சர் இருமிக்கொண்டே போய்த் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டாள். "இனிமே வீட்டுக்குள்ள இந்த வேலை வச்சுக்கிட்டா பாரு" என்று அப்பா கண்டித்திருந்தார். அதனால் மிளகாய், கல் உப்பு, கடுகு எல்லாவற்றையும் உன்னைச் சுற்றி எடுத்து, பால் பவுடர் டப்பா மூடியில் போட்டு, மேலே நாலு சூடம் வைத்து, கொல்லை மூலைக்குக் கொண்டுபோய் வேலியோரம் வைத்துப் பற்ற வைத்தேன். எந்த மூலை என்று சொல்ல வேண்டுமா? துணிக்கொடி மூலைதான்.

சுற்றிப் போட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. உனக்கே தெரியும், சின்ன வயதில் நீ எட்டிப் பார்த்து என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். பார்த்தால் கழித்தது திரும்பி நம்மோடு வந்துவிடும். நான் திரும்பிப் பார்க்கவில்லை அகிலா. பற்ற வைத்தேன், நேராக வந்தேன், குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொஞ்சம் வியர்த்திருந்தது. நெடியே வரவில்லை, அப்படியானால் கண்ணு பலமாகத்தான் பட்டிருக்கிறது என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடிப்பாவி, ஜன்னல் வழியாகவாவது ஒரு பார்வை பார்த்திருக்கக் கூடாதா?

பூலெங்தான் முதலில் கத்தினாள். நான் கதவைத் திறந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் தீ ஓடிக்கொண்டிருந்தது. நெருப்பு ஓடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆண்கள் ஈரச் சாக்கை வைத்து அடித்தார்கள், டிராக்டரில் தண்ணீர் கொண்டு வந்தார்கள், உன் அப்பாவும் செருப்பில்லாமல் ஓடினார். மாடுகளுக்கு வைத்திருந்த வைக்கோல் கட்டுகள் அத்தனையும் போயின. கொட்டிலில் அடைத்திருந்த சினை மாடுகள் கதறின கதறல் இன்னும் என் காதில் இருக்கிறது. புகை நெடுஞ்சாலையை மூடியது. ஒரு லாரி கண் தெரியாமல் பள்ளத்தில் இறங்கிக் கவிழ்ந்தது. டிரைவர் பிழைத்துவிட்டான். சாமி புண்ணியத்தில் பிழைத்துவிட்டான் என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவன் எப்படிப் பிழைத்தான், கை காலோடு பிழைத்தானா என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "பர்மிட் பேப்பர் ஆபீஸ்ல இருக்கு. நீ எதையும் வைக்கல, எதையும் பத்த வைக்கல. புரியுதா?" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவரை மட்டும் குறை சொல்லாதே. அவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்று நானும்தான் காத்திருந்தேன்.

மறுநாள் காலை பண்ணைக்காரர் நம் அடுப்படி வாசலுக்கு வந்தார். கூடவே தலைமையாசிரியர். பின்னால் தாபோ, அவன் கையைப் பிடித்துக்கொண்டு பத்து வயது லெரட்டோ. பண்ணைக்காரர் கத்தவெல்லாம் இல்லை, தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், தீ இந்த மூலையிலதான் ஆரம்பிச்சிருக்கு. இவன் இதை எரிக்காம விட்டுட்டான். நீங்க விடச் சொன்னதா சொல்றான். சொன்னீங்களா?" நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "நோ" என்றேன். அவ்வளவுதான். தாபோ காதில் விழாதவன் மாதிரி என்னைப் பார்த்தான். லெரட்டோ என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து அவள் அப்பாவைப் பார்த்தாள்.

வீட்டைக் காலி செய்ய அவர்களுக்கு மூன்று நாள் கொடுத்தார்கள். அந்த மூன்று நாளும் பூலெங் வேலைக்கு வந்தாள். உனக்குக் கஞ்சி ஊட்டினாள், தரையைத் துடைத்தாள். முதல் நாள் அவள் போன பிறகு பார்த்தேன், பாத்திரம் கவிழ்க்கிற தட்டில் அந்தப் பால் பவுடர் மூடி இருந்தது. கருகிப் போனதைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் மிளகாய் சுற்றுவதைப் பார்த்து எத்தனை தடவை இருமி இருமிச் சிரித்தவள் அவள்! அவளுக்கு எல்லாம் தெரியும். நான் வாயைத் திறப்பேன் என்று மூன்று நாள் காத்திருந்தாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், அகிலா. இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டு. மூன்றாவது நாள் மத்தியானம் ஒரு பிக்கப் வண்டியில் மெத்தை, பாத்திரம், கோழிக்கூண்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீ ரோடு வரைக்கும் அழுதுகொண்டே ஓடினாய். மே எங்கே போனாள் என்று கேட்டபோது, வேற ஊர்ல நல்ல வேலை கிடைச்சிருக்கு என்றேன். அடுத்த வருஷமே நாம் ஆக்லாந்து வந்தோம். உன் படிப்புக்காக வந்தோம் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். நான் அந்த ஊரில் இருக்க முடியாமல் வந்தோம்.

நம் சாமி அலமாரியில் ஏன் பல்பு விளக்கு மட்டும் எரிகிறது என்று கேட்பாயே. "வாடகை வீட்ல ஸ்மோக் அலாரம் அடிக்கும்" என்று சொன்னேன். சொந்த வீடு வாங்கிய பிறகும் அதே பல்புதான். தீபாவளிக்கு ஒரு மத்தாப்பு கொளுத்த விட்டிருக்கிறேனா? கோவிலில் ஆரத்தித் தட்டு வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் என்னைப் பெரிய பக்தை என்று நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டில் பார்பிக்யூ போட்டாலும் வாசலுக்குப் போய் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறேன். நீ என்னைக் கேலி செய்தாய், செய்ய வேண்டியதுதான்.

திங்கட்கிழமை கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்குகிற சிவா அக்காவிடம் சொல்லிவிட்டேன். லின்ஃபீல்டிலிருந்து வருவாரே, உன் பிறந்தநாளுக்கு வட்டிலப்பம் என்று ஒரு இனிப்பு கொண்டு வந்தவர். ஏதோ கேட்கப் போய் எல்லாமே கொட்டிவிட்டது. அவர் ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. "ஓம், பிழைதான். பெரிய பிழை. உங்கட பிள்ளை அங்க போய்ச் சாப்பிட உக்காரேக்க, அந்தச் சனம் அவவிட்ட என்னத்தைக் கதைக்கிறது? அவவை ஏன் நடுவில விடுறியள்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதுவரைக்கும் என் பயமெல்லாம், பூலெங் உன்னிடம் சொல்லிவிடுவாளோ, நீ என்னை வெறுத்துவிடுவாயோ என்பதுதான். அவள் ஒன்றுமே சொல்லாமல் உனக்குப் பரிமாறிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நீயும் வாய் நிறைய அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டு, எங்கம்மா ரொம்ப ஸ்வீட் என்று சொல்லுவாய்.

அன்றைக்கு உன்னிடம் லெரட்டோ நம்பரை வாங்கினேனே, ஏதோ சமையல் குறிப்பு கேட்க வேண்டும் என்று, அதுவும் பொய்தான். அவளிடமிருந்து அவள் அம்மா நம்பரை வாங்கினேன். நேற்று ஷிஃப்ட் முடிந்ததும் காரிலேயே உட்கார்ந்து கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. "மேடம்" என்றாள், நான் பெயர் சொல்வதற்கு முன்னாலேயே. இங்கிலீஷில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. மூடி, மிளகாய், நான்தான், நான்தான் என்று உளறினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்குத் தெரியும் மேடம். என்கிட்ட சொல்ல வேண்டாம். இவர்கிட்ட சொல்லுங்க" என்று ஃபோனைக் கொடுத்துவிட்டாள்.

தாபோவுக்கு வயதாகிவிட்டது, குரலில் இழுப்பு. நான் சூடத்தைச் சொன்னேன். துணிக்கொடியைச் சொன்னேன். அந்த "நோ"வைச் சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டால் தேவலை என்று நான் வேண்டிக்கொண்டேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அவர் வைக்கவில்லை. "நெருப்பு காத்தோட வேலை மேடம். அது யார் வச்சாலும் ஓடும். நீங்க இல்லன்னு சொன்னப்ப எம் பொண்ணு பக்கத்துல நின்னா. அன்னிலேருந்து நான் என்ன சொன்னாலும், நிஜமாப்பான்னு இன்னொரு தரம் கேப்பா. இன்னிக்கும் கேக்கிறா. இங்க வந்து அவகிட்ட சொல்லுங்க. ஃபோன்ல வேண்டாம்" என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் காரிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து விசா விண்ணப்பத்தை எடுத்தேன். எதற்காக வருகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே டீயை ஆற விட்டேன். கடைசியில் தெரிந்தவர்களைப் பார்க்க என்று எழுதினேன். அப்பாவிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். "பழசக் கிளறாத" என்பார் என்று நினைத்தேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "நான் வரலை. என்னால முடியாது" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அவரைப் போட்டுப் பிடுங்காதே.

அந்த ஊரில் நீ வேலை பார்க்கப் போகிறாய், அங்கே எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். என் பொய்யோடு நீ அங்கே நடமாட வேண்டியிருக்கும், அதற்கு நான் என்ன மன்னிப்புக் கேட்டாலும் காணாது. உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், அறிவுரை என்று நினைத்தாலும் சரி. அங்கே யாராவது உன்னிடம் வந்து, நீ சொன்னாயா, செய்தாயா என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் பர்மிட்டையும் வேலையையும் நினைக்காதே. கேட்டவர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார். நான் பார்க்கவில்லை.

நீ கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. விசா வந்தால் உன்னோடு வருகிறேன். தாமதமானால் அந்தச் சாப்பாட்டை நான் வரும் வரைக்கும் தள்ளிப் போடச் சொல், காரணத்தை அவர்களே புரிந்துகொள்வார்கள். இதைப் படித்த பிறகு என்னோடு ஒரே விமானத்தில் உட்காரப் பிடிக்கவில்லை என்றால் நான் வேறு நாளில் வருகிறேன். ஆனால் அந்த வீட்டுக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. சாப்பாடு எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே லெரட்டோவிடம் சொல்லிவிடுவேன். அவள் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே சொல்வேன். அதற்கப்புறம் அவர்கள் என்னை உட்காரச் சொன்னால் உட்காருவேன். சொல்லாவிட்டால் நான் வெளியே காரில் இருக்கிறேன். நீ அவசரப்படாமல் சாப்பிட்டுவிட்டு வா.